நாற்பத்தொரு துண்டுகள்

நாற்பத்தொரு துண்டுகள் ஒரே சமயத்தில் உதறப்பட்டபோது ரங்கனும் எழுந்திருக்கத்தான் பார்த்தார். இடது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அது ஒன்றும் புதிதில்லை. அந்த முழங்கால் இரண்டு வருடமாகவே அவரைக் கேட்காமல் தனியாக ஒரு வாழ்க்கை நடத்திக்கொண்டிருந்தது. நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்து ஒருமுறை உந்தினார். நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்தது. ரங்கனுக்கு உடம்பெல்லாம் ஒல்லி, இடுப்பு மட்டும் அகலம். ராஜா அண்ணாமலைபுரத்துக் கல்யாண மண்டபத்தில் அந்த மாதிரி இடுப்பை எதிர்பார்த்து நாற்காலி வாங்கியிருக்கவில்லை. நாற்காலியோடு வந்தவர் நாற்காலியோடு மறுபடி உட்கார்ந்தார். அதற்குள் மற்ற நாற்பத்தொரு பேரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல், வரிசையாக வாசலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள்.

மேடைமேல் இருந்த அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் பதினொண்ணரைகூட ஆகலையே, அதுக்குள்ள சாப்பாடு போட்டுட்டாங்களா?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் அவர் ரகசியமாகக் கேட்டது மைக் வழியாக எல்லோருக்கும் கேட்டது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முகக்குப்பத்து வழக்கம் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அடையாறு கடலில் சேரும் இடத்தில், வடகரை மணலில், நாற்பத்திரண்டு வீடு கொண்ட குப்பம் அது. ஊர்க்கூட்டம் மணலில்தான் கூடும். ஆளுக்கொரு துண்டை விரித்து உட்காருவார்கள். பேசப்படுகிற விஷயம் ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அவர் எழுந்து, துண்டை எடுத்து, மணலை உதறி, தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒருவர் உதறினால் பேச்சு அன்றைக்கு நிற்கும். பத்துப் பேர் உதறினால் அந்தப் பேச்சு செத்தது, அவ்வளவுதான். அந்த ஊரில் ‘மாட்டேன்’ என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஒருமுறை கட்சிக்காரர் ஒருவர் குப்பத்து நுழைவாயிலில் தன் பெயரில் வளைவு கட்டித் தருகிறேன் என்று வந்தார். ஊரே எழுந்து உதறியது. கடல்காற்று அடிக்கிற நேரம். கண்ணாஸ்பத்திரியில் அவர் கண்ணிலிருந்து எடுத்த மணல் ஒரு படி இருந்தது என்று குப்பத்தில் சொல்வார்கள். ரங்கன் அரைப்படிதான் என்பார். மிகைப்படுத்திப் பேசுவது அவருக்குப் பிடிக்காது.

இந்த வழக்கத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உதறாமல் உட்கார்ந்திருக்கிறவர் எதிராளி பக்கம். அதற்கும் காரணம் கேட்பதில்லை.

மண்டபத்தில் பேச வந்த திட்டம் என்னவென்றால் இதுதான். மழைக்காலத்தில் அடையாறு மண்ணையும் சேற்றையும் பாதி ஊரின் சாமானையும் அள்ளிக்கொண்டு வரும். கடலுக்கு இரண்டு எட்டு இருக்கும்போது களைத்துப்போய் எல்லாவற்றையும் அங்கேயே இறக்கி வைத்துவிடும். முகத்துவாரம் அடைபடும். பின்னால் இருக்கிற ஊரெல்லாம் முழுகும். பெருவெள்ளம் வந்த டிசம்பரில் அந்த ஆறு ரங்கன் வீட்டு வாசலில் ஒரு ஃப்ரிட்ஜைக் கொண்டுவந்து நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனது. கதவைத் திறந்தால் உள்ளே ஒரு பாத்திரம் நிறைய இட்லி மாவு, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல். ரங்கனின் மனைவி முத்தம்மா அதில் மூன்று நாள் இட்லி சுட்டாள். மாவு புளித்திருந்த பதத்தை வைத்து, அது நந்தம்பாக்கத்துக்கு மேற்கே ஏதோ வீட்டில் முந்தின நாள் சாயங்காலம் அரைத்தது என்றும் கண்டுபிடித்துச் சொன்னாள். ஃப்ரிட்ஜ் இன்றைக்கும் ஓடுகிறது.

இனி அந்த மண்ணை முகத்துவாரம்வரை வரவிடக் கூடாது என்று மேலே முடிவு செய்திருந்தார்கள். சற்று முன்னாலேயே ஆற்றுக்குள் பெரிய குழி தோண்டி, பக்கத்தில் சுவர் எழுப்பி, வண்டல் முழுவதையும் அந்தக் குழிக்குத் திருப்பிவிட வேண்டும். அங்கிருந்து குழாயில் உறிஞ்சி, வடக்கே கடல் அரித்துப் போகும் கரையில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ரங்கனுக்கே கேட்க நன்றாகத்தான் இருந்தது. குழி தோண்டுவதற்குக் குறித்திருந்த இடம் மட்டும் அவர்களுடைய மடு.

மடுவில் இறாலும் மடவை மீனும் கிடைக்கும். வலை போட அங்கே ஆறு இடங்கள்தான் உண்டு. அதனால் ஒரு நாளைக்கு ஆறு வீடு என்று முறை. வாரத்தில் ஒரு நாள், கடல் உள்வாங்கி ஆற்றுத் தண்ணீர் வடிகிற அந்த இரண்டு மூன்று மணி நேரம் ஒரு வீட்டுக்குச் சொந்தம். இளவட்டங்களுக்கு அது கைச்செலவு மாதிரி. அவர்கள் மற்ற நாட்களில் கடலுக்குப் போனார்கள். ரங்கனை அந்த முழங்காலோடு எந்தப் படகிலும் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். அவருக்கு மிச்சமிருந்த தொழில் அந்த முறை ஒன்றுதான். அந்த ஒரு நாள் இறாலைத்தான் முத்தம்மா மந்தைவெளியிலும் ராஜா அண்ணாமலைபுரத்திலும் வீடு வீடாகக் கொண்டுபோய் ஒரு வாரப் பிழைப்பாக நீட்டிக்கொண்டிருந்தாள்.

இப்படி ஒரு திட்டத்துக்கு முன்னால் பொதுமக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கேட்பதற்கு முன்னால் படிக்கக் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அறுநூற்று எண்பது பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு சுற்றுச்சூழல் அறிக்கை குப்பத்துக்கு வந்துசேர்ந்தது. நாலு கிலோ தேறும். முத்தம்மா அதைக் கருவாட்டுத் தார்ப்பாய் பறக்காமல் இருக்க மேலே வைத்தாள். அந்தக் காற்றில் வேறெதுவும் நின்றதில்லை, அது நின்றது. ஒரு வாரம் கழித்து, இறால் கொடுக்கப் போகும்போது அதையும் கூடையில் போட்டு ஷீலாம்மா வீட்டுக்குத் தூக்கிப் போனாள். ஷீலாம்மா அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நான்கு நாளில் அதை முழுக்கப் படித்துவிட்டார்.

“நூத்தி எண்பத்தாறாம் பக்கம், முத்தம்மா. ‘குழி அமையும் இடத்தில் மூன்று நாட்கள் கணக்கெடுத்தோம். மீன்பிடி ஏதும் காணப்படவில்லை’ன்னு போட்டிருக்காங்க.”

“எந்த மூணு நாளும்மா?”

“ஜனவரி இருபத்தொண்ணு, இருபத்திரண்டு, இருபத்திமூணு.”

முத்தம்மா தலையில் இருந்த கூடையை இறக்கிக் கீழே வைத்தாள். ஜனவரி இருபதாம் தேதிதான் ரங்கனின் அண்ணன் கதிரேசன் செத்துப்போனார். ஊரில் சாவு விழுந்தால் மூன்று நாள் மடுவில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். அந்த மூன்று நாளும் நீலத் தொப்பி போட்ட இரண்டு பேர் கரையில் பெரிய குடையை நட்டு, நோட்டில் ஏதோ கோடு போட்டபடி உட்கார்ந்திருந்ததை ஊரே பார்த்தது. வெயிலில் இருக்கிறார்களே என்று சாவு வீட்டுக் காப்பியில் இரண்டு டம்ளர் அவர்களுக்கும் போனது.

“இதை அந்தக் கூட்டத்துல யாராவது எழுந்து நின்னு வாயால சொல்லணும்,” என்றார் ஷீலாம்மா. “சொன்னா மினிட்ஸ்ல ஏறும். ஏறிடுச்சுன்னா அவங்க பதில் சொல்லியாகணும். ஏறலைன்னா நீங்க சொல்லவே இல்லைன்னு அர்த்தம். முப்பது வருஷம் நான் அதைத்தான் டைப் அடிச்சேன்.”

முத்தம்மா ரங்கனிடம் சொன்னாள். ரங்கன் ஊர்த்தலைவர் சின்னப்பையனிடம் போய்ச் சொன்னார். சின்னப்பையனுக்கு வயது எழுபத்திரண்டு. பெயர் வைத்தபோது பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். படகு நிழலில் உட்கார்ந்து வலையில் கிழிசல் தேடிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“வாயால சொல்றதா? நம்ம ஜனம் என்னிக்குடா வாயால சொல்லிகீது?”

“அவங்களுக்கு நம்ம வழக்கம் தெரியாது மாமா.”

“தெரிலன்னா தெரிஞ்சிக்கட்டும். நாப்பத்திரெண்டு துண்டு ஒண்ணா ஒதறினா செவுடனுக்கும் கேக்கும். அத்த வுட்டுட்டு நீ மைக்க புடிச்சிகினு அளக்கப் போறியா? ஃப்ரிட்ஜு கதைய எடுத்து வுடப் போறியா?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“ஃப்ரிட்ஜு கத நெஜம் மாமா.”

“அத்தான் நானும் சொல்றேன். நீ நெஜத்த சொன்னாலே இப்டி கீது.”

ரங்கனுக்கு மேற்கொண்டு பேச அலுப்பாக இருந்தது. அண்ணன் போனதிலிருந்தே அப்படித்தான். எதையும் இரண்டாம் முறை சொல்லத் தெம்பில்லை. யார் சொல்வது சரி என்று பார்த்தால் இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருந்தது. இரண்டும் சரியாக இருக்கும்போது மனிதன் ஊரோடு போவதுதான் சுலபம். ஊரோடு சேர்ந்து அவரும் ஷேர் ஆட்டோவில் ஏறினார்.

மண்டபத்தில் முந்தின நாள் ஒரு கல்யாணம் நடந்திருந்தது. மேடையில் பின்பக்கம் ‘பிரபு வெட்ஸ் வைதேகி’ என்று தெர்மோகோல் எழுத்துக்கள் அப்படியே இருந்தன. அதற்கு நேர்கீழே, மாப்பிள்ளை உட்கார்ந்த சிவப்பு வெல்வெட் நாற்காலியில் அதிகாரி. பெண் உட்கார்ந்த நாற்காலியில் அறிக்கை தயாரித்த நிறுவனத்துப் பொறியாளர். பொறியாளர் நாற்பது நிமிடம் திரையில் படம் காட்டினார். ஆறு நீல அம்பாக வந்தது. மண் பழுப்பு அம்பாக வந்து பக்கவாட்டில் திரும்பியது. மடு இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் கட்டம், அதற்குள் ஏழு என்று ஒரு எண். ‘கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம்’ என்று அதிகாரி சொன்னதும் சின்னப்பையன் எழுந்தார். நாற்காலியில் மணல் ஏது? இருந்தும் துண்டை எடுத்து மணலில் இருந்து எடுத்ததுபோலவே நன்றாக உதறினார். அவர் பின்னால் மற்ற நாற்பது பேரும் உதறினார்கள். ரங்கன் நாற்காலியோடு எழுந்து நாற்காலியோடு உட்கார்ந்தது அப்போதுதான்.

மேடைக்குக் கீழே ஒரு சின்ன மேசையில் கழுத்து வலிக்குப் பட்டை போட்ட ஒருவர் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிகாரி அவரைக் குனிந்து பார்த்தார்.

“பொதுமக்கள் தரப்பில் ஆட்சேபணை ஏதும் இல்லைன்னு போட்டுடுங்க, வலியுல்லா.”

“போட்டாச்சு சார்.”

“அதுக்குள்ளயா? எப்போ?”

“நேத்தே சார்.”

ரங்கன் அதைக் கேட்டார். வாசலிலிருந்து சின்னப்பையன் திரும்பிப் பார்ப்பதையும் பார்த்தார்.

“இன்னாடா, வர்ல?”

“கால் மரத்துப் பூடுச்சி மாமா.”

“இஸ்துகினு வா.”

“இதோ, வந்துட்டேன்.”

முழங்காலில் ஊசி ஊசியாகக் குத்தியது. பிறகு குத்தல் நின்றது. விரலை அசைத்துப் பார்த்தார், அசைந்தது. நாற்காலியும் இடுப்பை விட்டுவிட்டது. இப்போது எழுந்தால் எழுந்துவிடலாம். எழுந்து நாலு எட்டு வைத்தால் ஊரோடு சேர்ந்துவிடலாம், நாளைக்கு மடுவில் அவருடைய முறையும் பத்திரமாக இருக்கும். மடு எத்தனை நாளைக்கு இருக்கும் என்பதுதான் கேள்வி. உட்கார்ந்தால் மடு ஒருவேளை தப்பலாம், எதிராளி பக்கம் போனவன் என்று முறை போய்விடும். இல்லாத மடுவில் முறை இருந்து என்ன, முறை இல்லாதவனுக்கு மடு இருந்து என்ன என்று நினைத்தபோது அவருக்கு எல்லாமே ஒரேயடியாகச் சலிப்பாக இருந்தது. சின்னப்பையன் வாசலில் நின்று அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ரங்கனும் குனிந்து தன் காலைப் பார்த்தார். அது நன்றாகத்தான் இருந்தது. சற்று நேரம் கழித்து வாசலைப் பார்த்தபோது அங்கே வெயில் மட்டும் இருந்தது.

“பெரியவரே, கூட்டம் முடிஞ்சிடுச்சு,” என்றார் வலியுல்லா.

“நான் குந்திகினுதான கீறேன்.”

“அதைத்தான் பாக்குறேன்.”

“ஆளு குந்திகினு கீறவரைக்கும் கூட்டம்தான?”

வலியுல்லா யோசித்தார். கழுத்தைத் திருப்ப முடியாததால் உடம்போடு அதிகாரி பக்கம் திரும்பினார். “ரூல்படி சரிதான் சார். ஒருத்தர் இருந்தாலும் கேக்கணும்.”

மைக் வந்தது. ஃப்ரிட்ஜ் கதையை ஒரு மணி நேரம் சொல்லக்கூடியவர் ரங்கன். கதவைத் திறக்கும் இடத்தில் எங்கே நிறுத்த வேண்டும், மாவு புளித்ததை எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அவருக்கு அளவு உண்டு. இந்த விஷயத்தைக் கையில் எடுத்தால் இரண்டே வரிதான் இருந்தது. நிறுத்த இடமே இல்லை.

“என் பேரு ரங்கன், வயசு அறுவத்திமூணு. முகக்குப்பம். நீங்க மூணு நாளு வந்து பாத்துகினு இருந்தீங்கல்ல சார்? அந்த மூணு நாளும் எங்க அண்ணன் செத்துப் பூட்டாரு.”

“அடடா,” என்றார் அதிகாரி, உண்மையான வருத்தத்தோடு.

“சார், இது ரிப்போர்ட்டுக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம்,” என்றார் பொறியாளர்.

“சம்பந்தம் கீது சார். சாவு வுழுந்தா நாங்க மடுவுல கால் வெக்க மாட்டோம். உங்க ஆளுங்க ரெண்டு பேரு கொட நட்டுகினு குந்தினு இருந்தாங்க. பாவம், வெயிலு. காப்பி குடுத்தனுச்சோம். குடிச்சாங்க. குடிச்சிட்டு, ஆருமே இங்க மீன் புடிக்கலன்னு எயுதிகினாங்க. அவங்க எயுதினது பொய்யில்ல. அன்னிக்கு ஆரும் புடிக்கல. மத்த நாளு வாங்க. நாப்பத்திரெண்டு ஊடு மொற வெச்சி அங்க பொயைக்கிது. மறுக்கா வந்து பாக்கறவரைக்கும் அந்தக் குயிய தோண்டக் கூடாது. அவ்ளோதான்.”

“இதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா?” என்றார் பொறியாளர்.

“எதுக்கு?”

“உங்க அண்ணன் இறந்ததுக்கு.”

ரங்கன் மைக்கை இன்னும் கிட்டப் பிடித்தார். “அவரு இல்ல சார். வேற இன்னா ஆதாரம்?”

“இறப்புச் சான்றிதழ் நகல் கொடுத்தா இணைப்பாச் சேத்துக்கலாம் சார்,” என்றார் வலியுல்லா, யாரையும் பார்க்காமல். பிறகு முந்தின நாளே போட்டுவைத்திருந்த வரியை அழித்தார். மொத்தமாக அழிக்கத் தெரியாதோ என்னவோ, ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். மண்டபத்தில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. அழித்த இடத்தில் புதிதாக அடித்து, மெதுவாகப் படித்துக் காட்டினார். முகக்குப்பத்தைச் சேர்ந்த திரு. ரங்கன், வயது அறுபத்துமூன்று, கணக்கெடுப்பு நடந்த மூன்று நாட்களும் ஊரில் இறப்பு நிகழ்ந்தபடியால் மீன்பிடி நடைபெறவில்லை என்றும், ஏனைய நாட்களில் நாற்பத்திரண்டு குடும்பங்கள் அவ்விடத்தில் முறைவைத்துத் தொழில் செய்வதாகவும், மீண்டும் கணக்கெடுக்கும்வரை பணி தொடங்கக் கூடாது என்றும் ஆட்சேபணை தெரிவித்தார்.

தன் வாயிலிருந்து வந்தது இவ்வளவு நல்ல துணி உடுத்திக்கொண்டு திரும்பி வந்ததில் ரங்கனுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

“எங்க ஊர்க்காரங்க எயுந்து போனாங்கல்ல, அத்தையும் எயுதிக்கோ சார்.”

“அதை என்னன்னு எழுதுறது?”

“வேணாம்னுதான் போனாங்க.”

“அப்படின்னு அவங்க சொல்லலையே பெரியவரே. போனவங்களுக்காக உக்காந்தவர் சொல்ல முடியாது.” வலியுல்லா கடைசி வரியை அடித்தார். அடித்ததையும் படித்தார். “ஆட்சேபணை தெரிவித்தோர், ஒருவர்.”

இருநூறு பேருக்குச் சமைத்திருந்தார்கள். அதிகாரியும் பொறியாளரும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். பந்தியில் ரங்கனும் வலியுல்லாவும் எதிரெதிரே உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டார்கள். பரிமாறுகிறவர் வேறு வேலையில்லாமல் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிக் கவனித்தார்.

“பாய், இது நிக்குமா?” என்றார் ரங்கன்.

“ஏறிடுச்சு. நிக்குமான்னு எனக்குத் தெரியாது. நான் ஏத்துற ஆளுதான். எறக்குறவங்க வேற.” வலியுல்லா இலையை மடித்தார். “சான்றிதழை ஒரு வாரத்துக்குள்ள கொண்டாந்து என் கையிலயே குடுங்க. வேற யார் கையிலயும் குடுக்காதீங்க. எனக்கு அடுத்த மாசம் ரிட்டயர்மெண்ட்.”

பட்டினப்பாக்கம்வரை பேருந்தில் போய், அங்கிருந்து முழங்காலுக்கு வேண்டிய அவகாசம் கொடுத்து நடந்து, ரங்கன் வீட்டுக்கு வரும்போது நாலு மணி. வழியில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எதையோ மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் கடந்து போகும்வரை நிறுத்தி, போனபிறகு தொடர்ந்தார்கள். முத்தம்மா வாசலில் கருவாட்டைப் புரட்டிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“குந்திகினியாமே?”

“கால் வர்ல.”

“என்னாண்டயே அளக்காதயா.”

அவர் படியில் உட்கார்ந்தார். அவள் கருவாட்டைப் புரட்டி முடித்தாள்.

“எயுதிகினாங்களா?”

“எயுதிகினாங்க.”

“இன்னான்னு?”

வலியுல்லா படித்ததை அப்படியே திருப்பிச் சொல்ல முயன்றார். ஏனைய, படியால், அவ்விடத்தில் என்று வார்த்தைகள் அங்கங்கே இடறின. முத்தம்மா கேட்டுக்கொண்டே இருந்தவள், அண்ணன் சாவு வரும் இடத்தில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆறு மாதமாகியும் அவர் செத்ததை இவ்வளவு ஒழுங்காக யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை.

“அவரு சர்டிபிகேட்டு எங்க வெச்சிகீற?”

“எங்க வாங்கினோம்?” என்றாள் முத்தம்மா. “வாங்கணும் வாங்கணும்னு சொல்லிகினே இருந்த. போவல.”

விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சின்னப்பையன் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே ஆற்றுப் பக்கம் பார்த்துப் பேசினார்.

“எங்க பேரு வந்துதா அதுல?”

“நாப்பத்திரெண்டு ஊடுன்னு போட்டுகீறாங்க மாமா.”

“நாங்க எயுந்து போனது?”

“அத்தப் போடல. கேட்டுப் பாத்தேன். சொன்னாத்தான் போடுவாங்களாம்.”

சின்னப்பையன் தோளில் கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். எழுபத்திரண்டு வயதில் தன் ஊரின் மிகப்பெரிய ‘வேண்டாம்’ காற்றோடு போய்விட்டதைக் கேள்விப்படுகிற மனிதருக்கு ஆறுதல் சொல்ல ரங்கனுக்கும் தெரியவில்லை.

“நீ பண்ணது தப்புன்னு நான் சொல்லல,” என்றார் சின்னப்பையன் கடைசியில். “சொல்லலன்னுகூட நான் சொன்னதா வெளிய சொல்லாத. ஆனா குந்திகினது குந்திகினதுதான். அத்த நான் ஒரு ஆளு மாத்த முடியாது. ஞாயித்துக்கெயம ஊரு கூடுது. உனுக்கு மொற உண்டா இல்லியான்னு அன்னிக்குப் பாக்கலாம்.”

“நாளைக்கு வியாயக்கெயம. என் மொற.”

“தெரியும்.”

“போலாமா கூடாதா மாமா?”

“என்னைக் கேக்காத,” என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். நாலு வீடு தாண்டியதும் நின்றார். திரும்பி வருவார்போல இருந்தது. வரவில்லை.

விடிந்தும் விடியாமலும் ரங்கன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு மடுவுக்குப் போனார். தென்கரை மரங்களுக்கு மேலே வானம் சாம்பலாக வெளுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் வடிய ஆரம்பித்து, பிளாஸ்டிக் பைகளும் ஆகாயத்தாமரையும் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. முறையுள்ள மற்ற ஐந்து வீட்டு ஆட்களும் அவரவர் இடத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். யாரும் அவரைப் போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அவருடைய இடத்தில் யாரும் நிற்கவுமில்லை, அந்த இடம் காலியாக இருந்தது.

அந்த வலையை ஒரு ஆள் போட முடியாது. இரண்டு முனையிலும் ஒவ்வொரு கழி இருக்கும். ஆளுக்கொன்றைப் பிடித்து நீரோட்டத்துக்குக் குறுக்கே நிற்க வேண்டும். நாற்பது வருடம் எதிர்ப்பக்கக் கழியைக் கதிரேசன் பிடித்தார். அவர் போனபிறகு, பக்கத்து இடத்துக்காரர்களில் யாராவது கேட்காமலே வந்து பிடிப்பது வழக்கமாகியிருந்தது. ரங்கன் தன் கழியோடு சற்று நேரம் நின்று பார்த்தார். ஐந்து முதுகுகள் தெரிந்தன. பிறகு தன் கழியைக் கரையில் சாத்திவிட்டு, அவரே எதிர்ப்பக்கக் கழியைத் தூக்கிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் முழங்காலைத் திட்டிக்கொண்டே குறுக்கே நடந்து போனார். போன மழையில் ஆறு கொண்டுவந்து இறக்கிய வண்டல் அந்தப் பக்கம் பஞ்சுபோல் மேடு கட்டியிருந்தது. கழியை அதில் செங்குத்தாக ஊன்றி, தன் முழு எடையையும் அதன்மேல் போட்டு, இரண்டு முழம் இறக்கினார். கையை எடுத்தார். கழி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து தன் பக்கத்துக்கு வந்து இந்தக் கழியைப் பிடித்தார்.

வலை விரிந்து புடைத்தது. எதிர்ப்பக்கக் கழி நீரோட்டத்தில் நடுங்கிற்று. மிக மெதுவாகக் கடல் பக்கமாக ஒரு விரற்கடை சாய்ந்தது. சேறு அதை விடுவதாகவும் தெரியவில்லை, பிடிப்பதாகவும் தெரியவில்லை. தண்ணீர் வடிந்து முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. பின்னால் கரையோரம் தண்ணீருக்குள் யாரோ இறங்குகிற சத்தம் கேட்டது. ஒருவரா இருவரா, கழியைப் பிடிக்கவா பிடுங்கவா என்று தெரியவில்லை. நிதானமாக, அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்க்க ஒரு கையைக் கழியிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். ரங்கன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதிரே இன்னொரு விரற்கடை சாய்ந்துகொண்டிருந்த கழியைப் பார்த்தபடி நின்றார்.